மானியப் பணம் இன்னும் வரலையா? வேலூர் பக்கம் விவசாயிங்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்க அம்மா பேர்ல அணைக்கட்டு பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு. ஊர்ல இயற்கை விவசாயக் குழு ஆரம்பிச்சப்ப அம்மாவும் சேந்தாங்க. நீல கலர் 200 லிட்டர் டிரம், நாட்டு வெல்லம், கடலை மாவு எல்லாம் ஒடுகத்தூர்ல கடன் சொல்லி வாங்கி, மாட்டு சாணம் கோமியம் போட்டு ஜீவாமிர்தம் கலக்கி, ஊக்கத்தொகை வந்ததும் கடையில குடுத்துடலாம்னு நெனச்சாங்க. மாசம் போவுது, பணம் வரல. குழுவுல மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு. நான் ஆபீசுக்கு எத்தனை தடவை போனேன்னு கணக்கே இல்ல, ஒவ்வொரு தடவையும் "அனுப்பியாச்சுங்க, பேங்க்ல கேளுங்க"ன்னு சொல்வாங்க, பேங்க்ல போனா "எங்களுக்கு ஒண்ணும் வரல"ன்னு சொல்வாங்க. கடைசியில என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன், ஏன்னா இதே விஷயம் எங்க ஊர்லயே இன்னும் நாலு பேருக்கு நடந்திருந்துச்சு.

அந்த அலைச்சல்ல நான் கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். பணம் லேட்டுன்னு நாம ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். ஆனா அது எங்கயோ ஒரு எடத்துல நிக்குது, எந்த எடம்னு தெரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சிடும். தெரியாம எல்லா ஆபீசும் ஏறி இறங்குனா பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் போவும்.

முதல்ல, உங்க திட்டத்துல பணம் யாருக்கு வரணும்?

இது ரொம்ப பேருக்கு குழப்பம், அதனால இதுல இருந்து ஆரம்பிக்கலாம். எல்லா மானியமும் விவசாயி கணக்குக்கு வராது.

சொட்டு நீர், தெளிப்பு நீர் எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டுல சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம். இந்த மானியம் குழாய் போட்டுத் தர்ற கம்பெனிக்குப் போவும், உங்க பாஸ்புக்குல வராது. அப்ப "மானியம் லேட்"னா உங்களுக்கு அர்த்தம் என்னன்னா, கம்பெனிக்காரன் பழைய பாக்கி வரலன்னு சொல்லி உங்க வயல்ல வேலையை இழுத்தடிப்பான், இல்ல போட்டுட்டு ஃபில்டர் ரிப்பேருக்குக் கூப்பிட்டா வரமாட்டான். அதே மாதிரிதான் சோலார் பம்பு செட்டும், உங்க பங்கைக் கட்டிட்டு நீங்க காத்திருக்கணும், மானியப் பங்கு உங்க கைக்கு வராது. இதுக்கெல்லாம் பேங்க்ல போய் நின்னு பிரயோஜனமே இல்ல. சொட்டு நீருக்கு தோட்டக்கலை இல்லன்னா வேளாண்மை உதவி இயக்குநர் ஆபீஸ், சோலாருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை, அங்கதான் உங்க ஃபைல் இருக்கும்.

இன்னொரு வகை பின்னேற்பு மானியம். நாம முதல்ல கைக்காசு போட்டு செய்யணும், அப்பறம் பில்லு குடுத்தா மானியம் நம்ம கணக்குக்கு வரும். சொட்டு நீரோட சேர்த்து துணை நீர் மேலாண்மைன்னு ஒண்ணு இருக்கு, அதுல மோட்டார் வாங்குனா பாதி விலை, அதிகபட்சம் 15,000, தண்ணி கொண்டுபோற பைப்லைனுக்கு ஹெக்டேருக்கு 10,000 வரைக்கும், இப்படி. ஜனங்க அதிகமா மாட்டிக்கிறது இங்கதான், ஏன்னா வட்டிக்கு வாங்கி செலவு பண்ணியிருப்பாங்க. மானியம் ஆறு மாசம் லேட்டானா அந்த வட்டியே மானியத்துல பாதியை சாப்பிட்டுடும். என்னைக் கேட்டா, நகையை வெச்சு இந்த வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இந்த வருஷம் நிதி ஒதுக்கீடு இருக்கா, என் பேருக்கு பணி ஆணை போட்டாச்சான்னு ரெண்டையும் கேட்டு, ஆணை நகலை கையில வாங்கிட்டு அப்பறம் வேலை ஆரம்பிங்க. "நீங்க போடுங்க, பாத்துக்கலாம்"னு வாய்ல சொன்னதை நம்பி குழி தோண்டாதீங்க.

மூணாவது வகை நேரா நம்ம கணக்குக்கு வர்ற ஊக்கத்தொகை. இயற்கை விவசாயம் இதுல வரும். 2024 நவம்பர்ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துல ஏக்கருக்கு வருஷம் 4,000, ரெண்டு வருஷம், ஒருத்தருக்கு ஒரு ஏக்கர் வரைக்கும். இயற்கை விவசாயத்துக்கே இருக்கிற மத்திய அரசோட பழைய பரம்பராகத் திட்டம் 20 ஹெக்டேர் தொகுப்பா சேந்து செய்யறது, அதுல மூணு வருஷத்துக்குப் பிரிச்சுப் பிரிச்சு வரும். வரப்பு ஓரம் தேக்கு, மகாகனி, செம்மரம் நடுற வேளாண் காடு வளர்ப்புத் திட்டத்துல கன்னு இலவசம், உயிரோட இருக்கிற கன்னுக்கு வருஷத்துக்கு 7 ரூபா வீதம் மூணு வருஷம் பராமரிப்புத் தொகை. 7 ரூபாயான்னு நெனக்காதீங்க, வரப்பு நடவுல ஏக்கருக்கு 60 கன்னு, வயல் முழுக்க நட்டா 160 வரைக்கும் தர்றாங்க. ஆனா இதுல எத்தனை கன்னு பொழச்சிருக்குன்னு ஆள் வந்து எண்ணுனாத்தான் பணம். யாரும் வந்து எண்ணலன்னா பில்லே கெடையாது, அப்ப அது லேட் இல்ல, ஆரம்பமே ஆகலன்னு அர்த்தம்.

உங்களுது இதுல எந்த வகைன்னு தெரிஞ்சுக்கிட்டு மேல படிங்க. இனிமே சொல்றது பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது வகைக்கு.

கடைசியில இருந்து தேடுங்க

எல்லாரும் ஆபீஸ்ல இருந்து ஆரம்பிப்பாங்க. நான் சொல்றது தலைகீழா. பணம் போற பாதை இப்படி: வயல்ல ஆய்வு, வட்டார ஆபீஸ்ல பில், மாவட்டத்துல ஒப்புதல், நிதி விடுவிப்பு, அப்பறம் பேங்க். இதுல பேங்க் மட்டும்தான் நாமளே ஒரு ரூபா செலவில்லாம பத்து நிமிஷத்துல பாத்துடலாம். அதனால அங்க இருந்து பின்னாடி வாங்க.

ஒண்ணு முக்கியமா புரிஞ்சுக்கணும். அரசாங்கப் பணம் ரெண்டு வழியில வரும். ஒண்ணு நீங்க குடுத்த கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி.ங்கிற பேங்க் கிளை கோடு வெச்சு வர்றது. இன்னொண்ணு ஆதார் எண்ணை மட்டும் வெச்சு வர்றது. ஆதார் வழியா வந்தா நீங்க எந்த பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்தீங்கங்கிறது கணக்கே இல்ல. உங்க ஆதார் கடைசியா எந்த பேங்க்ல மேப் ஆகியிருக்கோ அங்க போயிடும். இந்த மேப்பை வெச்சிருக்கிறது என்.பி.சி.ஐ.ங்கிற நிறுவனம், ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்துல ஒரே ஒரு பேங்க்தான். பேங்க்ல "ஆதார் லிங்க் பண்ணியாச்சு"ன்னு சொல்வாங்க பாருங்க, அது கே.ஒய்.சி.க்காக, அதாவது நீங்க யாருன்னு பேங்க் சரிபாக்க, சேத்தது. மேப்பிங் வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் நான் நாலு மாசம் ஏமாந்தேன்.

எங்க அம்மா விஷயத்துல இதுதான் நடந்துச்சு. குழுவுல சேரும்போது குடுத்தது டவுன்ல இருக்கிற பேங்க் பாஸ்புக்கு. அதுக்கு முன்னாடி நூறு நாள் வேலைக்காக ஊர்லயே ஒரு மினி பேங்க்ல கைரேகை வெச்சு ஒரு கணக்கு ஆரம்பிச்சிருந்தாங்க, அது அவங்களுக்கே மறந்து போச்சு, பாஸ்புக்குகூட அரிசி டப்பா மேல மஞ்சத்துணியில சுத்தி கெடந்துச்சு. ஒரு நாள் மினி பேங்க் பையன்கிட்ட கேட்டா, அம்மா கட்டை விரலை அந்தச் சின்ன மெஷின்ல ரெண்டு தடவை தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சாங்க, மூணாவது தடவைதான் எடுத்துச்சு, ஒரு துண்டு சீட்டு வந்துச்சு. அவன் பாத்துட்டு "எம்மா, பணம் வந்து நாலு மாசம் ஆவுது, இங்கதான் கீது"ன்னான். அம்மா அந்தச் சீட்டை ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்தாங்க. கடைக்காரருக்கு பதில் சொல்ல முடியாம அந்தத் தெரு வழியா போறதையே விட்டிருந்தாங்க அந்த நாலு மாசமும்.

அதனால முதல் வேலை இதுதான். உங்க ஆதார் எந்த பேங்க்ல மேப் ஆகியிருக்குன்னு பாருங்க. ஆதாரோட சேத்த மொபைல்ல இருந்து *99*99*1# அடிச்சா ஆதார் எண் கேக்கும், போட்டா பேங்க் பேர் வரும். ஸ்மார்ட் போன் இருந்தா மை ஆதார் தளத்துல உள்ள போய் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" பாருங்க, அதுல ஆக்டிவா இல்லையான்னும் காட்டும். மொபைல் நம்பர் மாறிட்டவங்க முதல்ல ஆதார் மையத்துல நம்பரை மாத்துங்க, இல்லன்னா ஓ.டி.பி.யே வராது, எந்த வேலையும் நகராது.

இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பி.எம். கிசான் 2,000 உங்களுக்கு வருதுன்னா அது ஆதார் வழியாத்தான் வருது. கடைசி தவணை எந்த பாஸ்புக்குல ஏறுச்சோ அதுதான் உங்க மேப் ஆன கணக்கு, வேற ஆதார் வழிப் பணம் எதுவா இருந்தாலும் அங்கதான் தேடணும். நூறு நாள் வேலை சம்பளமும் அப்படித்தான், 2024 ஜனவரியில இருந்து ஆதார் வழிதான் கட்டாயம். வீட்டுல இருக்கிற எல்லா பாஸ்புக்கையும், பழசு கிழிஞ்சது உட்பட, எடுத்துட்டு போய் என்ட்ரி போடுங்க. எஸ்.எம்.எஸ். வரலன்னா பணம் வரலன்னு அர்த்தம் இல்ல.

அப்பறம் அரசாங்கப் பணம் எங்க போச்சுன்னு காட்டுற பி.எஃப்.எம்.எஸ். தளத்துல "நோ யுவர் பேமென்ட்ஸ்"னு ஒரு பக்கம் இருக்கு. பேங்க் பேர், கணக்கு எண் போட்டு ஓ.டி.பி. குடுத்தா அந்தக் கணக்குக்கு எந்தத் திட்டத்துல எவ்வளவு போச்சுன்னு வரும். இதை இ-சேவை மையத்துலயும் பாக்கச் சொல்லலாம், ஆனா திரையை நீங்களும் பாருங்க, போட்டோ எடுத்துக்கோங்க.

ஒரு எச்சரிக்கை இந்த எடத்துலயே சொல்லிடுறேன். வாட்ஸப்ல "பி.எம். கிசான்"னு பேர் போட்டு ஒரு ஆப் ஃபைல் சுத்துது, அதைத் தொட்டுடாதீங்க, இன்ஸ்டால் பண்ணுன உடனே கணக்கு காலி. மானியம் விடுவிக்கிறோம்னு போன் பண்ணி ஓ.டி.பி. கேட்டா வெச்சிடுங்க, எந்த வேளாண்மை அதிகாரியும் ஓ.டி.பி. கேக்கமாட்டார்.

பணம் வந்து திரும்பிப் போயிருந்தா

பேங்க் வரைக்கும் வந்து திரும்புறது நெறைய நடக்குது. காரணம் பெரும்பாலும் இதுல ஒண்ணாத்தான் இருக்கும்.

பேங்க் இணைஞ்சுட்டதால பழைய ஐ.எஃப்.எஸ்.சி. செத்துப் போயிருக்கும். 2019ல பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் சேந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆச்சு, 2020ல சிண்டிகேட் போய் கனராவுல சேந்துச்சு, ஆந்திரா பேங்க், கார்ப்பரேஷன் பேங்க் ரெண்டும் யூனியன் பேங்க்ல சேந்துச்சு, அலகாபாத் இந்தியன் பேங்க் ஆச்சு, லட்சுமி விலாஸ் டி.பி.எஸ். ஆச்சு. பழைய பாஸ்புக் ஜெராக்ஸை இன்னும் குடுத்துட்டு இருக்கிறவங்க ஊருக்கு பத்து பேராவது இருப்பாங்க. புது பாஸ்புக் வாங்குங்க, முதல் பக்கத்துல இருக்கிற கோடை நீங்களே ஒரு தடவை எழுத்து எழுத்தா சரிபாருங்க, நடுவுல வர்றது பூஜ்ஜியம், ஓ எழுத்து இல்ல.

முழு ஆவணம் குடுக்காம சுருக்கமா ஆரம்பிச்ச சின்னக் கணக்குக்கு வரம்பு உண்டு. இருப்பு 50,000க்கு மேல இருக்கக்கூடாது, வருஷத்துக்கு வரவு ஒரு லட்சத்துக்கு மேல போகக்கூடாது. கரும்புப் பணமோ பால் பணமோ ஏறி அந்த வருஷ வரவு வரம்பு முட்டியிருந்தா மானியம் திரும்பிப் போக வாய்ப்பு இருக்கு. முழு கே.ஒய்.சி. குடுத்தா வரம்பு போயிடும்.

சொசைட்டியில இருக்கிற சேமிப்புப் புத்தகத்தை குடுக்காதீங்க. மத்திய கூட்டுறவு வங்கி கிளையில உங்க பேர்ல கணக்கு இருந்தா அதைக் குடுங்க.

பேர் பொருந்தாதது இன்னொரு பெரிய தலைவலி. பட்டாவுல முனுசாமி, ஆதார்ல முனிசாமி, பாஸ்புக்குல அப்பா பேரையும் சேத்து ஒரே பேரா அடிச்சிருப்பாங்க. கணக்கு எண் வழியா வர்ற பணத்துக்கு இது இடிக்கும். மூணுல எதை மாத்துறதுன்னு கேட்டா, ஆதாரை வெச்சு மத்த ரெண்டையும் சரிபண்ணுங்க, ஏன்னா இனிமே எல்லாம் ஆதார்லதான் நிக்குது.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு, இதை யாருமே சொல்லமாட்டாங்க. பேங்க்ல நீங்க தப்பை சரி பண்ணிட்டா திரும்பிப்போன பணம் தானா வந்துடாது. ஆபீஸ்ல இருந்து மறுபடியும் அனுப்பணும். அதனால பேங்க்ல சரி பண்ணுன கையோட, புது பாஸ்புக் நகல், மேப்பிங் காட்டுற திரை போட்டோ ரெண்டையும் இணைச்சு, "திரும்பிய தொகையை மீண்டும் அனுப்பி உதவ வேண்டுகிறேன்"னு உதவி இயக்குநருக்கு ஒரு மனு எழுதி குடுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல தேதியோட சீல் போட்டு வாங்கிட்டு வாங்க. சீல் தரமாட்டோம்னு சொன்னா தபால் ஆபீஸ்ல ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிடுங்க, அந்த ரசீதே சாட்சி.

பணம் வந்து பேங்க்காரங்க பழைய பயிர்க்கடனுக்குப் பிடிச்சிக்கிட்டாங்கன்னா, மேனேஜருக்கு எழுத்துல புகார் குடுங்க. 30 நாள்ல பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் புகாரை விசாரிக்கிற குறைதீர் அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் கெடையாது, 14448க்கு போன் பண்ணி எப்படின்னு கேக்கலாம்.

பேங்க்ல ஒண்ணுமே வரலன்னா வட்டார ஆபீஸ்

இப்ப தெரிஞ்சிடுச்சு, பணம் பேங்க் வரைக்கும் வரவே இல்ல. அடுத்து வேளாண்மை விரிவாக்க மையம். நம்ம மாவட்டத்துல வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி. குப்பம், பேரணாம்பட்டுன்னு ஏழு வட்டாரம், உங்க நிலம் எதுல இருக்கோ அங்க போங்க, வீடு இருக்கிற எடம் இல்ல. இது எதுக்கு சொல்றேன்னா, 2019 நவம்பர்ல வேலூர் மூணா பிரிஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆச்சு. ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா பக்கத்துக்காரங்க ஆதார்ல இன்னும் வேலூர் மாவட்டம்னே இருக்கு, நிலம் பட்டாவுல புது மாவட்டம். விண்ணப்பத்துல மாவட்டம் தப்பா விழுந்தா ஃபைல் ஒரு ஆபீஸ்ல இருக்கும், நீங்க இன்னொரு ஆபீஸ்ல தேடுவீங்க. வயசான சிலர் இன்னும் வட ஆற்காடுன்னே எழுதுற பழைய பத்திரத்தை எடுத்துட்டு வர்றாங்க, அது 1989லயே பிரிஞ்சது. நடப்பு பட்டா, சிட்டா, அடங்கல் இணையத்துல எடுத்ததை வைங்க.

ஆபீஸ்ல போய் "பணம் எப்ப சார் வரும்"னு கேக்காதீங்க. அதுக்கு "வரும்"ங்கிற ஒரே பதில்தான். இப்படி கேளுங்க: என் விண்ணப்ப எண் இது, வயல் ஆய்வு முடிஞ்சு பதிவு ஏறிடுச்சா? பயனாளி பட்டியல்ல என் பேர் எந்த வரிசையில இருக்கு? பில் மாவட்டத்துக்கு எந்தத் தேதியில போச்சு? நிதி வந்தாச்சா, வரலையா? இந்த நாலுக்கும் பதில் வாங்கி அங்கயே ஒரு நோட்டுல தேதி போட்டு, யார் சொன்னாங்கன்னு எழுதிக்கோங்க. நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சாலே பதில் சொல்ற விதம் மாறிடும், நான் கண்ணால பாத்தது.

ஏ.ஏ.ஓ., அதாவது வயலுக்கு வர்ற உதவி வேளாண்மை அலுவலர் மேல கோபப்படாதீங்கன்னு சொல்லுவேன். ஒருத்தர் தலையில எத்தனையோ ஊரு, எல்லாத் திட்டத்துக்கும் போட்டோ அவங்கதான் எடுக்கணும், சிக்னல் இல்லாத மலையடிவாரத்துல ஆப் திறக்காது. வயல்ல போட்டோ எடுக்கும்போது நீங்க கூட இருங்க. எங்க பக்கத்து வயல்காரர் போட்ட தொட்டிக்கு, அவசரத்துல ஒரு தென்னை மர நிழல்ல நின்னு படம் எடுத்துட்டாங்க, அந்த எடம் அடுத்த சர்வே நம்பர்ல விழுந்துடுச்சு, ஆய்வே செல்லாதுன்னு திரும்பி வந்து மறுபடியும் எடுக்க ஒரு பயிர் காலம் போச்சு. நிலத்துக்குள்ள, எல்லைக்கல்லுல இருந்து தள்ளி, செஞ்ச வேலை முழுசா தெரியற மாதிரி நிக்கணும். எடுத்ததும் சர்வே எண், உட்பிரிவு ரெண்டும் சரியா ஏறியிருக்கான்னு திரையில பாத்துடுங்க.

கூட்டுப் பட்டா இருக்கிறவங்களுக்கு தனிச் சிக்கல். அண்ணன் தம்பி நாலு பேர் பேர் ஒரே பட்டாவுல இருந்தா, உங்க பங்கு எவ்வளவுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உட்பிரிவு செஞ்சு தனிப்பட்டா வாங்குறதுதான் நிரந்தர வழி, அதுக்கு நாளாகும், அதுவரைக்கும் வி.ஏ.ஓ.கிட்ட அனுபவச் சான்று கேட்டுப் பாருங்க, திட்டத்துக்குத் திட்டம் ஏத்துக்குறது மாறும். அப்பா இறந்துட்டா அவர் பேர்லயே விண்ணப்பம் ஓடிட்டு இருக்கும், பணம் அவர் கணக்குக்கே போய் மாட்டும். வாரிசுச் சான்று வாங்கி பட்டா மாத்தி, உங்க பேர்ல புதுசா பதிவு பண்ணுங்க. 2025ல இருந்து விவசாயிக்கு தனித்துவ அடையாள எண் குடுக்குறாங்க இல்ல, ஆதாரையும் நிலத்தையும் சேத்து, அதை இன்னும் வாங்கலன்னா உடனே வாங்கிடுங்க.

எல்லாம் சரி, நிதிதான் வரலன்னா

இது உண்மையிலேயே நடக்குறதுதான், இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. இயற்கை விவசாயம், நுண்ணீர்ப் பாசனம் மாதிரி திட்டங்கள்ல மத்திய அரசு 60, மாநிலம் 40 போடணும். 2021ல மத்திய நிதித்துறை கொண்டுவந்த முறைப்படி பணம் மொத்தமா வராது, 25 சதவீதம் 25 சதவீதமா வரும், முன்னாடி வந்ததுல 75 சதவீதமாவது செலவாகி கணக்கு குடுத்தாத்தான் அடுத்தது. சில திட்டம் இப்ப ஸ்பர்ஷ்ங்கிற வேற முறைக்கு மாறிட்டு இருக்கு. எங்கயோ ஒரு மாவட்டம் செலவுச் சான்று குடுக்காம வெச்சிருந்தாக்கூட உங்க தவணை நிக்கலாம். ஜீவாமிர்தம் கலக்குனவன் கணக்கு சரியா இருக்கு, மேல கணக்கு முடியல, அதுக்கு தண்டனை கீழ இருக்கிறவனுக்கு. இது எனக்கு இன்னைக்கும் பொறுக்கல.

இந்த நெலமையில தனியா ஒருத்தரா போறதுல அர்த்தம் இல்ல. குழுவா போங்க. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல மாசா மாசம் விவசாயிகள் குறைதீர்வு நாள் நடக்கும், தேதியை முன்கூட்டியே அறிவிப்பாங்க. அங்க இணை இயக்குநர், தோட்டக்கலை, பொறியியல், கூட்டுறவு, முன்னோடி வங்கின்னு எல்லாரும் ஒரே கூடத்துல இருப்பாங்க, பேங்க் ஆபீசைக் காட்டவும் ஆபீஸ் பேங்கைக் காட்டவும் முடியாது. பயனாளிகள் பேர், விண்ணப்ப எண், எத்தனை மாசமா பாக்கின்னு ஒரே தாள்ல பட்டியலா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு குடுங்க. அதுல பேசும்போது கதை வேண்டாம், பட்டியலைப் படிங்க, "எந்தத் தேதியில நிதி கேட்டு எழுதினீங்க"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. திங்கக்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள்லயும் மனு குடுக்கலாம், ஆனா அங்க எல்லாத் துறை மனுவும் வரும், விவசாயத்துக்கு மாசக் கூட்டம்தான் பலம்.

வீட்டுல இருந்தே பண்றதுன்னா 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரியில பதியுங்க, மனு எண் எஸ்.எம்.எஸ்.ல வரும், அந்த எண்ணை பத்திரமா வைங்க. "துறைக்கு அனுப்பப்பட்டது"ன்னு சொல்லி மனுவை மூடிட்டாங்கன்னா அதை பதில்னு ஏத்துக்காதீங்க, அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் பதியுங்க. பி.எம். கிசான் பிரச்னைக்கு மட்டும் 155261.

தகவல் உரிமைச் சட்டம், எப்படி எழுதணும்

மேல சொன்னது எல்லாம் செஞ்சும் மூணு மாசம் ஒரு நகர்வும் இல்லன்னா ஆர்.டி.ஐ. போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு கட்டணம் இல்ல. பெரும்பாலானவங்க செய்யற தப்பு, "ஏன் எனக்குப் பணம் தரவில்லை"ன்னு கேக்குறது. ஏன்னு கேட்டா விளக்கம் தர சட்டத்துல எடம் இல்லன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. தேதியும் நகலும் கேளுங்க. நான் எழுதுனது இப்படி:

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் கீழ்க்கண்ட தகவல்களை வழங்கக் கோருகிறேன். 1. மேற்கண்ட விண்ணப்ப எண் தொடர்பாக வயல் ஆய்வு நடைபெற்ற தேதி மற்றும் ஆய்வறிக்கையின் நகல். 2. எனது பெயர் இடம்பெற்ற பயனாளிகள் பட்டியல் ஒப்புதல் ஆணையின் நகல். 3. எனக்கான தொகை கருவூலத்திற்கோ வங்கிக்கோ அனுப்பப்பட்ட தேதி, பரிவர்த்தனை எண் மற்றும் அது நிராகரிக்கப்பட்டிருப்பின் அதற்கான பதிவின் நகல். 4. இத்திட்டத்தின் கீழ் நடப்பு நிதியாண்டில் இவ்வட்டாரத்திற்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை. 5. எனது கோப்பு தற்போது எந்த அலுவலரிடம், எந்தத் தேதியிலிருந்து உள்ளது என்ற விவரம்."

அஞ்சாவது கேள்விதான் வேலை செய்யும். யார் மேசையில எத்தனை நாளா இருக்குன்னு எழுத்துல குடுக்கணும்னா, குடுக்கறதுக்கு முன்னாடியே ஃபைலை நகர்த்திடுவாங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே துறையில மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கு காசு இல்ல. அதுலயும் நடக்கலன்னா 90 நாளுக்குள்ள சென்னையில இருக்கிற மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அந்த அளவுக்கு நான் போகல, எங்க குழுவுல ஒருத்தருக்கு முதல் மனுவுலயே ஃபைல் நகர்ந்துச்சு.

மாசக் கணக்கு

இதெல்லாம் எந்த மாசம் செய்யறோம்ங்கிறது ரொம்ப முக்கியம். நிதியாண்டு மார்ச் 31ல முடியும். ஏப்ரல், மே மாசத்துல போய் கேட்டா புது ஒதுக்கீடு வரணும்னுதான் சொல்வாங்க, அது உண்மையும்கூட. மார்ச் கடைசி வாரத்துல எல்லா பில்லும் ஒரே நேரத்துல ஓடும், அப்ப உங்க ஃபைல்ல ஒரு ஜெராக்ஸ் கொறஞ்சிருந்தாக்கூட தள்ளி வெச்சிட்டு அடுத்ததை எடுத்துடுவாங்க, அந்தத் தொகை அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல மறுபடியும் வரிசையில நிக்கணும். அதனால பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரமே ஒரு நாள் ஒதுக்குங்க. ஆதார், இப்ப இருக்கிற பாஸ்புக், பட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, பணி ஆணை, பில் எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு நகல், ஒரே பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போய், என் ஃபைல்ல என்ன கொறையுதுன்னு கேட்டு அங்கயே குடுத்துட்டு வாங்க. எங்க அம்மா இப்ப பொங்கல் கழிஞ்சதும் அவங்களே போயிடுறாங்க, நான் வேலூர்ல வேலையில இருந்தாலும் காத்திருக்கறது இல்ல, மினி பேங்க் பாஸ்புக்கும் அந்த மஞ்சத்துணியில இல்ல, ஃபைல்ல முதல் தாளா இருக்கு.